அல்சைமர் மறதிக்குத் தாவரச் சேர்மங்கள்: எது மருந்தானது, எது இன்னும் ஆகவில்லை

கேள்வி இது: தொடக்க நிலை அல்சைமர் என்று உறுதியான ஒருவர் டோனெபெசில் என்ற அல்சைமர் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அதோடு குர்குமின் (மஞ்சளில் உள்ள சேர்மம்), நீர்ப்பிரமி, ஜின்கோ (ஒரு மரத்தின் இலைச்சாறு) இவற்றில் எதையாவது சேர்த்தால் நினைவு திரும்புமா? எவ்வளவு கொடுக்கலாம்?

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அல்சைமரில் போன நினைவைத் திரும்பக் கொண்டுவரும் சேர்மம் இன்றுவரை எதுவுமில்லை, செடியிலும் இல்லை, ஆய்வுக்கூடத்திலும் இல்லை. சரிவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுபவை உண்டு. அவற்றில் இரண்டு, தாவரங்களின் வழியாகவே நமக்குக் கிடைத்தன: கலன்டமின், ரிவாஸ்டிக்மின். இரண்டையும் மருத்துவர் சீட்டு எழுதித்தான் தர வேண்டும். கேள்வியில் உள்ள மூன்றில் ஜின்கோவுக்கு மட்டும் நோயாளிகளிடையே ஓரளவு சான்று இருக்கிறது, அதுவும் இழுபறியானது. மற்ற இரண்டும் அல்சைமர் வந்தவர்களிடம் இன்னும் தங்களை நிரூபிக்கவில்லை.

ஏன் அந்த இரண்டு மட்டும் மருந்தாயின என்பது புரிந்தால், நாளைக்கு வேறொரு மூலிகையின் பெயர் காதில் விழும்போது நீங்களே எடைபோட முடியும்.

மூளையில் புதிய நினைவு பதிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். 1974ல் இளம் வயதினருக்கு ஸ்கோபாலமின் கொடுத்துப் பார்த்தார்கள். ஊமத்தை வகைச் செடிகளில் இருக்கும் இந்தச் சேர்மம் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும். நல்ல நினைவாற்றல் உள்ள இளைஞர்களிடம் முதுமை மறதியைப் போன்ற ஒரு குறைபாடு தெரிந்தது. 1976ல், அல்சைமரால் இறந்தவர்களின் மூளையில் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. அப்படியானால் மிச்சமிருக்கும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொண்டால் என்ன? அதைச் சிதைப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அதைத் தடுக்கும் சேர்மங்கள் தாவர உலகில் ஏற்கெனவே தயாராக இருந்தன. செடிகள் தங்களைத் தின்ன வரும் பூச்சிகளின் நரம்பைத் தாக்க வைத்திருக்கும் ஆயுதங்கள் அவை.

ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரை. இதிலிருந்து பைசோஸ்டிக்மின் 1864ல் பிரித்தெடுக்கப்பட்டது. நொதியை நன்றாகத் தடுத்தாலும் உடலில் அரை மணி நேரம்கூடச் சரியாக நிற்காது. குமட்டல் தாங்க முடியாது. அதன் வேதிக் கட்டமைப்பை மாதிரியாக வைத்து, அதிக நேரம் நொதியைப் பிடித்துக்கொள்ளும்படி செய்ததுதான் ரிவாஸ்டிக்மின். அமெரிக்காவில் 2000ல் அனுமதி பெற்றது. இரத்தத்தில் அதன் அரைவாழ்வு, அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் ஒன்றரை மணி நேரம்தான்; ஆனால் நொதியின் மீதான பிடி ஏறத்தாழ 10 மணி நேரம் நீடிக்கிறது.

மற்றது ஸ்னோடிராப் என்ற சிறு பூச்செடியின் கிழங்கு. 1950களில் சோவியத் ஒன்றியத்திலும் பல்கேரியாவிலும் இதிலிருந்து கலன்டமின் எடுக்கப்பட்டு, முதலில் போலியோவுக்குப் பிந்தைய தசைத் தளர்ச்சி போன்ற நரம்பு, தசை நோய்களுக்குப் பயன்பட்டது. அல்சைமருக்கு அமெரிக்க அனுமதி 2001ல் வந்தது. டாஃபடில் உள்ளிட்ட அதே குடும்பச் செடிகளிலும் இது உண்டு, செயற்கையாகவும் தயாரிக்கிறார்கள்.

கலன்டமினைக் கொடுக்கும் முறையைப் பாருங்கள். நாளுக்கு 8 மி.கி.யில் தொடக்கம், அதாவது 4 மி.கி. இரண்டு வேளை, உணவோடு. குறைந்தது 4 வாரம் கழித்து, தாங்கினால் 16 மி.கி. இன்னும் 4 வாரம் கழித்துத் தேவைப்பட்டால் 24 மி.கி. அவசரப்பட்டு ஏற்றினால் வாந்தி, பேதி, பசியின்மை, எடை இழப்பு வரும். குடும்பத்தார் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாதது ஏற்றிய வேகம்தான். மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக்கூடாது, அடியிலிருந்து தொடங்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு நடுத்தரமாகக் குறைந்தவருக்கு 16 மி.கி.யே உச்சம். இத்தனை நுணுக்கமாக அளந்து கொடுத்தால்தான் பலன் பாதிப்பை மிஞ்சுகிறது. கிழங்கை அரைத்துக் குடிப்பது பற்றி நினைக்கவே வேண்டாம். கலன்டமின் அளவு கிழங்குக்குக் கிழங்கு, பருவத்துக்குப் பருவம் மாறும். கூடவே லைகோரின் என்ற வாந்தி நஞ்சும் இருக்கிறது. டாஃபடில் கிழங்கை வெங்காயம் என்று நினைத்துச் சாப்பிட்டு நஞ்சேறியவர்கள் உண்டு.

பலன் எவ்வளவு? நினைவு, அறிதிறனைச் சோதிக்கும் ஏ.டி.ஏ.எஸ்-காக் என்ற 70 புள்ளி அளவுகோலில், 24 மி.கி. ஆறு மாதம் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே 3 முதல் 4 புள்ளி வித்தியாசம். சிறிதுதான். ஆனால் உண்மையானது, பல சோதனைகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. இதே மருந்தை அல்சைமர் வருவதற்கு முன்பே, லேசான அறிதிறன் குறைவு மட்டும் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு கொடுத்துப் பார்த்தபோது நோயைத் தடுக்கவில்லை. மாறாக, மருந்து எடுத்த 1026 பேரில் 13 பேரும், வெற்று மாத்திரை எடுத்த 1022 பேரில் ஒருவரும் இறந்திருந்தனர். இந்த எண்கள் மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே எச்சரிக்கையாக இருக்கின்றன. "வருமுன் காப்போம், செடியில் வந்ததுதானே" என்று நினைக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ரிவாஸ்டிக்மினுக்குத் தோலில் ஒட்டும் பேட்ச் உண்டு. 24 மணி நேரத்துக்கு 4.6 மி.கி. தரும் பேட்சில் தொடங்கி, 4 வாரத்துக்குப் பின் 9.5க்குப் போவார்கள். மாத்திரையை விடக் குமட்டல் குறைவு. இதில் அடிக்கடி நடக்கும் ஆபத்தான தவறு, பழையதை உரிக்காமல் புதியதை ஒட்டுவது. முதுகில் ஒட்டியிருந்தால் கண்ணிலும் படாது. இரண்டு மூன்று பேட்ச் சேர்ந்தால் கடும் வாந்தி, நாடித்துடிப்புச் சரிவு, மயக்கம். உரித்ததைக் கண்ணால் பார்த்த பிறகே புதியதை எடுங்கள். ஒட்டிய இடத்தில் 14 நாளுக்கு மறுபடி ஒட்ட வேண்டாம்.

இதே வழியில் செயல்படும் மூன்றாவது தாவரச் சேர்மம் ஹூப்பர்சின் ஏ, சீனாவின் ஒருவகைப் பாசி போன்ற பெரணிச் செடியிலிருந்து வருவது. நொதியைத் தடுப்பதில் வலிமையானது. ஆனால் 2011ல் வெளியான 210 பேர் கொண்ட அமெரிக்கச் சோதனையில், 200 மைக்ரோகிராம் இரண்டு வேளை 16 வாரம் கொடுத்தும் அறிதிறனில் பலன் தெரியவில்லை. இரட்டிப்பு அளவில் நடுவில் தெரிந்த முன்னேற்றமும் 16வது வாரத்தில் உறுதியாக நிற்கவில்லை. இது சில நாடுகளில் சீட்டு இல்லாமல் "நினைவாற்றல் சப்ளிமென்ட்" என்று கிடைக்கிறது. டோனெபெசிலும் இதே நொதியைத் தடுப்பதுதான் என்பதால், அதை எடுப்பவருக்கு இதைக் கொடுப்பது அந்த மருந்தையே இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். நாடி குறைந்து மயங்கி விழலாம். லேபிளில் "நினைவாற்றல் கலவை" என்று மட்டும் பெரிதாக இருக்கும். பின்பக்கச் சிறிய எழுத்தில் ஹூப்பர்சியா என்ற அந்தச் செடியின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இனி குர்குமின். அதிகம் பேசப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் குர்குமின் அற்புதங்கள் செய்கிறது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தின் இழைகள் சேர்வதைத் தடுக்கிறது, அழற்சியைக் குறைக்கிறது. அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரோமோலார் செறிவில் பயன்படுத்துகிறார்கள். நோயாளிகளுக்கு நாளுக்கு 2 கிராம், 4 கிராம் என்று 24 வாரம் கொடுத்த சோதனை 2012ல் வெளியானது. இரத்தத்தில் மாறாத குர்குமின் ஒரு மில்லிலிட்டருக்கு 7.32 நானோகிராம்தான் இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 0.02 மைக்ரோமோலார். தட்டில் வேலை செய்த அளவில் 250ல் ஒரு பங்கு முதல் 1000ல் ஒரு பங்கு வரை. அதுவும் இரத்தத்தில், மூளைக்குள் எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி. அறிதிறனில் பலன் தெரியாததில் வியப்பில்லை. அதற்கு முன் ஹாங்காங்கில் 34 பேரிடம் ஆறு மாதம் நடந்த சோதனையிலும் வித்தியாசம் இல்லை.

எங்கே போகிறது அவ்வளவும்? பாதி கதை குடலில் முடிகிறது: நீரில் கரையாததால் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே வெளியேறும். உறிஞ்சப்பட்டதைக் குடல் சுவரும் கல்லீரலும் உடனே சர்க்கரை அமிலத்தோடும் சல்பேட்டோடும் பிணைத்து வெளியேற்றிவிடும். மிஞ்சியதும் இரத்தத்தின் லேசான காரத்தன்மையில் நிலையாக இருக்காது. இன்னொரு சிக்கல் ஆய்வாளர்களையே ஏமாற்றியது. குர்குமின் தானே ஒளியை உறிஞ்சும், ஒளிரும், திரளும், புரதங்களோடு கண்டபடி ஒட்டும். எந்தப் பரிசோதனையில் போட்டாலும் "வேலை செய்கிறது" என்ற பொய்ச் சமிக்ஞை தரும். 2017ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இதை விரிவாக எடுத்து எழுதினார்கள். குர்குமின் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் மட்டும் அதற்கு வலிமை வந்துவிடாது என்பது அங்கிருந்து தெளிவாகிறது.

"மிளகோடு சேர்த்தால் 20 மடங்கு உறிஞ்சப்படுமே?" 1998ல் வந்த ஆய்வு அது: 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் (மிளகின் காரச் சேர்மம்). 20 மடங்கு என்பது சரிதான், ஆனால் பெருக்கப்படும் எண்ணே சுழியை ஒட்டியது. தவிர, பைப்பரின் இதைச் செய்வது மருந்துகளை அழிக்கும் கல்லீரல் நொதிகளையும், அவற்றைக் குடலுக்கே திருப்பியனுப்பும் கடத்திப் புரதத்தையும் தடுத்துத்தான். வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன் போன்ற மருந்துகளின் அளவும் சேர்ந்தே ஏறும். முதியவர் ஒருவர் ஐந்தாறு மருந்து எடுக்கும்போது இது சிறிய விஷயம் இல்லை.

ஒரு நம்பிக்கை தரும் சோதனையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உறிஞ்சப்படும் வகையில் நுண்துகளாக்கிய குர்குமின் 90 மி.கி. இரண்டு வேளை, 18 மாதம், 40 பேர். 2018ல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வெளியானது. நினைவுச் சோதனையில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் அந்த 40 பேருக்கும் டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்) இல்லை. பெரிய அளவில் திரும்பச் செய்யப்படும்வரை அதை அல்சைமர் சிகிச்சையாக எடுத்துக்கொள்ள முடியாது.

சமையலில் சேரும் மஞ்சளால் பயமில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். உறிஞ்சலை உயர்த்திய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வருவது பதிவாகியிருக்கிறது. 2022ல் வெளியான அமெரிக்கத் தொகுப்பில் அப்படிப் பாதிக்கப்பட்ட 10 பேரில் 7 பேருக்கு எச்.எல்.ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. மாத்திரை எடுப்பவருக்குக் கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், காரணமில்லாமல் சோர்ந்தால் அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

நீர்ப்பிரமிக்கு வருவோம். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "பிரமி" என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன: நீர்ப்பிரமி ஒன்று, வல்லாரை மற்றொன்று. தாவரக் குடும்பமே வேறு. முன்னதில் இருக்கும் சேர்மங்கள் பாக்கோசைடுகள், பின்னதில் ஏசியாட்டிகோசைடு வகை. ஒன்றில் நடந்த ஆய்வை மற்றதன் டப்பாவில் அச்சிடுவது சகஜம். பெட்டியில் பாக்கோப்பா மொன்னியெரி என்றிருக்கிறதா, சென்டெல்லா ஏசியாட்டிகா என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

நீர்ப்பிரமியில் ஓரளவு நல்ல சோதனைகள் உள்ளன: எக்ஸ்ட்ராக்ட் 300 மி.கி., 12 வாரம், சொற்பட்டியலை நினைவில் வைப்பதில் சிறு முன்னேற்றம். 12 வாரத்துக்கு முன் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் நலமாக உள்ள நடுவயதினர், முதியோர் இடையே நடந்தவை. நலமானவரின் நினைவு கொஞ்சம் கூர்மையாவதும் செல்கள் செத்துக்கொண்டிருக்கும் மூளையில் நினைவு நிற்பதும் வேறு வேறு. பாக்கோசைடு ஏ3 என்ற மூலக்கூறின் எடை சுமார் 929, கலன்டமினுடையது 287. மூளைக்குள் எளிதாக நுழைய 400, 450க்குள் இருப்பது நல்லது. குடல் பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பகுதிகளைக் கழற்றிய பின் மிஞ்சும் சிறு துண்டுகள் நுழையலாம். அது ஆளுக்கு ஆள் மாறும். வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, குமட்டல் இதன் வழக்கமான தொல்லைகள். டோனெபெசிலுக்கும் அதே தொல்லைகள் என்பதால் இரண்டும் சேரும்போது எடை குறைவதைக் கவனிக்க வேண்டும். லேபிளில் பாக்கோசைடு சதவீதம் எந்த முறையில் அளந்தது என்பதும் முக்கியம். ஒளி உறிஞ்சலை வைத்து அளந்தால் அதே வகையைச் சேர்ந்த மற்ற சப்போனின்களும் கணக்கில் சேர்ந்து எண் பெரிதாகத் தெரியும். சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறையில் அளந்த எண்ணே நம்பத்தக்கது.

ஜின்கோவில் சோதனைகள் பெரியவை. 75 வயதுக்கு மேற்பட்ட 3069 பேருக்கு 120 மி.கி. இரண்டு வேளை, சராசரியாக ஆறு ஆண்டு. 2008ல் வெளியான முடிவு: டிமென்ஷியா வருவதைத் தடுக்கவில்லை. பிரான்சில் 2,800க்கு மேற்பட்டவர்களிடம் ஐந்து ஆண்டு நடந்த சோதனையும் 2012ல் அதையே சொன்னது. ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பதற்றம், எரிச்சல் போன்ற நடத்தை மாற்றங்கள் சேர்ந்தவர்களுக்கு, நாளுக்கு 240 மி.கி. 22 முதல் 24 வாரம் கொடுத்த சில சோதனைகளில் சிறு பலன் தெரிந்தது. வேறு சிலவற்றில் இல்லை. "ஓரளவு சான்று" என்று மேலே சொன்னது இதைத்தான். அந்தச் சோதனைகளில் பயன்பட்டது ஈ.ஜி.பி. 761 என்ற ஒரே எக்ஸ்ட்ராக்ட்: ஃபிளேவோனாய்டு சுமார் 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன் சுமார் 6 சதவீதம், ஒவ்வாமை தரும் ஜின்கோலிக் அமிலம் பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழ். வெறும் இலைத்தூள் இதற்கு ஈடாகாது. ரூட்டின் என்ற மலிவான ஃபிளேவோனாய்டைக் கலந்து 24 சதவீதத்தை எட்டவைக்கும் கலப்படமும் நடக்கிறது. வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் மருத்துவர் சம்மதமின்றிக் கொடுக்க வேண்டாம். ஜின்கோ விதையில் வலிப்பைத் தூண்டும் நஞ்சு இருக்கிறது. அதை மருந்தாக எண்ணக்கூடாது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. குங்குமப்பூ 15 மி.கி. இரண்டு வேளை: ஈரானில் 46 பேர், 54 பேர் என்று இரண்டு சிறு சோதனைகள் நல்ல முடிவு காட்டின, பெரிய சோதனை வேண்டும். திராட்சைத் தோலின் ரெஸ்வெராட்ரால்: 119 பேர், ஓராண்டு, அளவு படிப்படியாக ஒரு கிராம் இரண்டு வேளை வரை. தண்டுவட நீரில் அமிலாய்டு அளவு மாறியது, ஆனால் மூளையின் கன அளவு மருந்து எடுத்தவர்களிடம்தான் கூடுதலாகச் சுருங்கியது. நினைவில் பலன் இல்லை. அசுவகந்தா: 2012ல் எலிகளில் அமிலாய்டைக் குறைத்தது.

எலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வு எலிகளுக்கு அல்சைமர் இயல்பாக வருவதில்லை. மனித மரபணுவைப் புகுத்தி அமிலாய்டைச் சேர வைக்கிறார்கள். மனித மூளையில் நடக்கும் செல் இழப்பு அவற்றில் பெரும்பாலும் நடப்பதில்லை. அளவையும் நேராக எடுக்கக்கூடாது. எலிக்கு கிலோவுக்கு 100 மி.கி. என்றால் 12.3ஆல் வகுத்து, மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 8 மி.கி., 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 490 மி.கி. என்று தொடக்கக் கணக்கு போடுவார்கள். அதுவும் பாதுகாப்புச் சோதனைக்கான ஊகம்தான், சிகிச்சை அளவு ஆகாது.

சப்ளிமென்ட் எதையும் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகள் செய்யப்பட்டனவா, மனச்சோர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்து, அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்துக்கும் சளிக்கும் தரும் டைஃபென்ஹைட்ரமின், சிறுநீர் அடக்க முடியாமைக்கு ஆக்ஸிபியூட்டினின், நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில், பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் இவை அந்த வகை. 1974ல் ஸ்கோபாலமின் இளைஞர்களுக்குச் செய்ததை இவை முதியவர்களுக்கு மெதுவாகச் செய்கின்றன. ஒன்றை மருத்துவர் மாற்றிக்கொடுத்தாலே சிலருக்குக் கிடைக்கும் தெளிவு, எந்த மூலிகையும் தராதது.

இதில் ஒரு சுழல் அடிக்கடி நேர்கிறது. டோனெபெசில் அல்லது கலன்டமின் தொடங்கியதும் சிலருக்குச் சிறுநீர் கசியும், ஏனெனில் அசிட்டைல்கோலின் சிறுநீர்ப்பையையும் சுருக்கும். அதற்கென்று வேறொரு மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். ஒரு மாத்திரை ஏற்றுவதை இன்னொன்று இறக்கும். நோயாளிக்கு இரண்டின் பக்கவிளைவும் மிஞ்சும், மறதியும் கூடும். கசிவு எப்போது தொடங்கியது, நினைவு மருந்து எப்போது தொடங்கியது, இரண்டு தேதிகளையும் குறித்துக் காட்டினால் இது பிடிபடும்.

எல்லாம் படித்த பிறகும் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க விரும்பினால், மருத்துவர் அறிய ஒன்றே ஒன்றை மட்டும் சேருங்கள். அதே வாரத்தில் வேறு எந்த மருந்தையும் மாற்றாதீர்கள். தொடங்கும் முன் எடை, நாடித்துடிப்பு, கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றைக் குறியுங்கள். நாடி 50க்குக் கீழே போனால், அல்லது மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற, நாடியைக் குறைக்கும் மருந்துகளோடு தலைச்சுற்றல் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அன்றாடச் செயல்களில் ஐந்தை எழுதிக்கொள்ளுங்கள்: தானே உடுத்துவது, தொலைபேசியில் பேசுவது, ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கேட்கிறார் போன்றவை. 12 வாரம் கழித்து, கூடவே இருப்பவர் அல்லாத ஒருவர் அதே ஐந்தைப் பார்த்து எழுதட்டும். நம்பிக்கையோடு மருந்து கொடுப்பவரின் கண்ணுக்கு முன்னேற்றம் சீக்கிரம் தெரிந்துவிடும். வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

அறுவை சிகிச்சை திட்டமிருந்தால் மயக்க மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஜின்கோ இரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். டோனெபெசில், கலன்டமின், ரிவாஸ்டிக்மின், ஹூப்பர்சின் நான்கும் சக்சினில்கோலின் என்ற தசைத் தளர்த்தியின் வேலையை நீட்டிக்கும். மூச்சுத் தசைகள் திரும்ப இயங்கத் தாமதமாகும். மருத்துவர் சொல்லாமல் டோனெபெசிலை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். சப்ளிமென்ட் டப்பாவை அப்படியே கையில் எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொன்னால் மட்டும் போதாது, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும்.